மலைக்கு மறுபுறம் வாழ்ந்த கட்டடக் கலைஞர்

செங்கோட்டை, ஆரியங்காவு வழியே திருவனந்தபுரம் செல்லும் பேருந்து தென்காசிக்காரர்களுக்குப் புதியதன்று. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அப்பாலுள்ள அரசோடுதான் இணைந்திருந்தது. அவ்வழியே மருத்துவத்திற்கும் படிப்பிற்கும் சென்று வந்தோர், தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே செந்நிறத்தில் சுழன்றெழும் இந்தியன் காபி ஹவுஸைக் கண்டிருப்பர். சாய்தளம் ஒன்று சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. அதன் ஓரமாகவே மேசைகள் அமைந்துள்ளன. அங்குக் காபி அருந்தியோர் நம் மன்றத்திலேயே பலர் உளர். கட்டியவரின் பெயரைக் கேட்டால் இருவரோ மூவரோதான் சொல்வர்.

அவர் லாரி பேக்கர். குற்றாலத்தைப் பற்றியும் இரசிகமணியின் வட்டத்தொட்டியைப் பற்றியும் எழுத இம்மலரில் தகுதியுடையோர் இருப்பதால், மலைக்கு மறுபுறம் வாழ்ந்த இப்பெருமகனாரை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

1917 மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், மெதடிஸ்டுக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் பேக்கர். இளமையிலேயே 'நண்பர்கள் சபை' எனப்படும் குவேக்கர் நெறியைத் தழுவினார். அச்சபையார் போரில் ஆயுதம் ஏந்தார், ஆடம்பரத்தைக் கடிவர், கூடி அமர்ந்து மௌனமாக வழிபடுவர். கட்டடக் கலை பயின்று முடித்த சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. துப்பாக்கி ஏந்த மறுத்த பேக்கர், குவேக்கர் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனா சென்றார். தொழுநோயாளரிடையே பணி புரிந்தார்.

ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகச் சில மாதங்கள் காத்திருந்தபோது காந்தியடிகளைக் கண்டார். சீன முறையில் துணிக் கந்தல்களால் அவர் தாமே செய்து அணிந்திருந்த காலணிகள் அடிகளின் கண்ணில் பட்டன. உரையாடல் அங்கிருந்து வளர்ந்தது. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்பட வேண்டும் என்று அடிகள் கூறியதைப் பேக்கர் இறுதிவரை மறக்கவில்லை. 1945இல் தொழுநோய்த் தொண்டு நிறுவனத்தின் கட்டடக் கலைஞராக மீண்டும் இந்தியா வந்தார். வந்தபின்தான் தம் பர்மிங்காம் படிப்பு இம்மண்ணில் போதாது என்று தெரிந்துகொண்டார். மண்ணையும் சாணத்தையும் கருங்கல்லையும் கையாளக் கிராமத்துக் கொத்தனார்களே அவருக்கு ஆசிரியர்களாயினர். பட்டம் பெற்றபின் இவ்வாறு மீண்டும் மாணாக்கராக எத்தனை பேரால் இயலும்? முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அது எளிதாக இருந்ததில்லை.

அவருடைய இல்லறம் தனியே பேசத்தக்கது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை அவர் விரும்பினார். இரு குடும்பத்தாரும் இசையாமையால் இருவரும் பொறுமையுடன் காத்திருந்து 1948இல் மணந்தனர். மணவிழாவிற்குப் பின் இமயமலைப் பக்கம் பித்தோராகர் சென்றனர். வந்திருப்பவர் மருத்துவர் என்றறிந்த மலைமக்கள் நோயாளிகளை அழைத்து வரத் தொடங்கினர். தேனிலவுக்குச் சென்றவர்கள் அங்கேயே பதினாறு ஆண்டுகள் தங்கிவிட்டனர். மனைவி நோய் தீர்த்தார். கணவர் மருத்துவமனையைக் கட்டியதோடு அதன் ஏவற்பணிகளையும் செய்தார். அன்று கணவரின் தொழிலுக்காக மனைவியர் ஊர் மாறினர். மனைவியின் தொழிலுக்குச் சுவரெழுப்பி வாழ்ந்த கணவரைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். 1963இல் வாகமண்ணுக்கும் பின்னர்த் திருவனந்தபுரத்திற்கும் மூன்று பிள்ளைகளோடு குடும்பம் பெயர்ந்தது. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவொன்றில், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் மரங்களையும் சேர்த்துச் சிறுகச் சிறுகத் தம் இல்லத்தைக் கட்டினார். 'ஹாம்லெட்', அதாவது சிற்றூர், என்பது அதன் பெயர்.

ஸ்ரீகாரியத்திலுள்ள லயோலா சிற்றாலயம் அவர் கட்டியது. செங்கற்களினூடே விட்ட துளைகள் வழியாக ஒளியும் காற்றும் உள்ளே வருகின்றன. வேறு அலங்காரம் பெரிதாக இல்லை. அவருடைய பக்தியை ஆலயத்தில் மட்டும் தேடுவது தவறு என்பது என் துணிபு. வீணடித்தல் பாவம் என்று அவர் நம்பினார். உல்லூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திலும் ஏழைகளின் வீடுகளிலும் அந்நம்பிக்கையே சுவராயிற்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிஞ்சும். இடையிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவன கம்பிகளே, கான்கிரீட் அன்று. ஆதலால் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் குறைந்தது, எடையும் குறைந்தது. சுவருக்குப் பூச்சு இல்லை. படங்களைப் பயன்படுத்திய உறைகளின் பின்புறத்தில் வரைந்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பின்னும் வேலை நடக்குமிடத்தில் கொத்தனார்களோடுதான் நின்றார்.

இனி என் காரணம். தென்காசியில் எங்கள் பழைய வீட்டிற்குத் தார்சாவும் முற்றமும் ஓட்டுக் கூரையும் இருந்தன. சாரல் காலத்தில் முற்றத்துத் தூவானம் தார்சா வரை வரும்; அதைக் குறையென்று கருதி நானே முன்னின்று இடிக்கச் செய்து மட்டப்பா வீடு கட்டினேன். சித்திரை மாதத்து இரவுகளில் அதற்குள் உறங்க முடிவதில்லை. பேக்கரைப் படித்தது அதன் பிறகு. பின்கட்டில் ஓர் அறை எழுப்ப நேர்ந்தபோது, பூச்சில்லாத எலிப்பொறிச் சுவர் வேண்டும் என்றேன். கொத்தனார் தயங்கினார். "பூசாம விட்டா கையில காசு தீந்துபோச்சுன்னு ஊரு பேசும், அம்மா" என்றார். அவர் அஞ்சியதில் நியாயமில்லாமல் இல்லை. பேக்கர் முறை நாட்டில் பரவாமைக்கு அவ்வச்சமும் ஒரு காரணம். வேறு காரணங்களும் உள. அளவு பிசகாத செங்கல்லும் தேர்ந்த கையும் அதற்குத் தேவை. நம் சூளைக் கற்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. செங்கல் சுட விறகும் வளமான மண்ணும் அழிகின்றன. இதை உணர்ந்தே பேக்கர் சுடாத மண்சுவரை வலியுறுத்திச் சிறுநூலும் எழுதினார். 1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோருடன் அவர் தொடங்கிய காஸ்ட்போர்ட் அமைப்பு அப்பணியை மேற்கொண்டது.

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைப் பழுது நீக்கிக் காப்போரின் அடிகளை வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்துவைத்தான். நம் ஊரில் கட்டடம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வணக்கம் நினைவுக்கு வரும். பேக்கரை எண்ணும்போதும் வருகிறது.

2007 ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு. அன்று திருவனந்தபுரத்தில் தம் தொண்ணூறாம் வயதில் பேக்கர் மறைந்தார். எலிசபெத் அம்மையார் 2011இல் மறைந்தார்.

எங்கள் பின்கட்டு அறை எழுந்துவிட்டது. மூன்று சுவர்களைக் கொத்தனார் பூசிவிட்டார். மேற்குச் சுவர் மட்டும் செங்கல்லாகவே நிற்கிறது. வருவோர் எப்போது பூசப்போகிறீர்கள் என்று கேட்கின்றனர்.