துப்பாக்கி தந்தார், ஏடு தந்தாரில்லை

உதகைக்கு அருகே லவ்டேல் என்றோர் இடம். அங்கே மணிக்கூண்டு உயர்ந்து நிற்கும் மாபெரும் பள்ளிக்கூடம் ஒன்று. 1858-இல் தொடங்கப்பட்டது. 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் மாண்ட ஹென்றி லாரன்ஸ் என்னும் வெள்ளைத் தளபதியின் பெயரைத் தாங்கியது. குளிர்ந்த காற்று, பரந்த மைதானம், உணவு, உடை, கல்வி அத்தனையும் அங்கே உண்டு. யாருக்கு? ஐரோப்பியப் போர்வீரனின் பிள்ளைக்கு! இந்திய அரசின் கல்வித்துறை அந்தப் பள்ளியைக் கையேற்று நம்மவருக்கும் வாயிலைத் திறந்துவிட்டது 1949-இல்தான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த மணி ஒலித்தது. மலைக்குக் கீழே வாழ்ந்த சிப்பாய் மகனை அது ஒருநாளும் அழைத்ததில்லை.

கீழே யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். அவினாசியும் பல்லடமும் தாராபுரமும் உடுமலையும் கீழேதான் இருந்தன. அவற்றுக்கப்பால் தமிழகம் முழுவதும் இருந்தது. சென்னைப் படை என்ற பெயரில் கும்பினியாருக்காக மைசூரிலும் பர்மாவிலும் சீனத்திலும் குருதி சிந்திய தமிழனும் தெலுங்கனும் கீழேதான் இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய் இறந்தால் அவன் பிள்ளைக்கு மலைமேல் மாளிகை. கறுப்புச் சிப்பாய் இறந்தால் அவன் பிள்ளைக்குப் பண்ணையாரின் மாட்டுக்கொட்டகை. ஒரே கொடி, ஒரே போர்க்களம், ஒரே எதிரி. கல்வி என்று வந்தபோது மட்டும் தோலின் நிறம் பார்த்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. லவ்டேலுக்கு முன்னரே சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கென ஓர் அனாதை விடுதி இருந்தது. அங்கும் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கே இடம். 1789-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்த் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதையே தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடம் சொல்லும் முறையையும் வகுத்தார். 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்குச் சென்று ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து போயிற்று! அந்த மணலுக்குச் சொந்தக்காரன் படையில் சேர்ந்து உயிர்கொடுத்தபோது, அவன் மகனுக்கு விடுதியில் இடமில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. நம் சமுதாயத்தில் கிணற்றையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் அடைத்து வைத்திருந்த வர்ணாசிரமம், ஒடுக்கப்பட்டவனுக்கு ஒரு சன்னலைக்கூடத் திறக்காத நாளில், படை என்பது ஒரு சிறு கதவாக இருந்தது. டாக்டர் அம்பேத்கர் 1891-இல் பிறந்தது மௌ என்னும் படை நகரில். அவர் தந்தை ராம்ஜி படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். தீண்டப்படாதார் எனப்பட்ட மகர் வகுப்பினரின் ஆண்களும் பெண்களும் எழுத்தறிவு பெற்றதற்குப் படைப்பள்ளியே காரணம் என்பதை அம்பேத்கர் பின்னாளில் எடுத்துக்காட்டினார். இங்கும் சென்னைச் சாப்பர் படையிலும் பயனியர் படையிலும் பறையர் வகுப்பினர் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். ஊரிலே தெருவில் நடக்க உரிமையற்றவன், அங்கே சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான்.

அந்தச் சிறு கதவையும் சாத்தினார்கள். சாத்தியவர் ராபர்ட்ஸ் என்ற தளபதி. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவராக இருந்தவர். நெடுநாள் அமைதியில் தென்னாட்டான் வீரத்தை இழந்துவிட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு! வடமேற்கில் பிறந்தவனே வீரன், தெற்கே பிறந்தவன் கோழை. ‘வீரச் சாதி’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர். மனுவுக்கு ஒரு தம்பி இலண்டனில் பிறந்துவிட்டான் போலும்! சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. 1892 அளவில் மகர்களுக்கும் படைக்கதவு மூடப்பட்டது. சென்னைப் பயனியர் படை 1933-இல் கலைந்தது. சாப்பர்கள் மட்டுமே தப்பிப் பிழைத்தனர். படை போயிற்று, படையோடு வந்த பள்ளியும் போயிற்று.

முதல் உலகப்போர் முடிந்ததும் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு நன்றி செலுத்தவேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு உதித்தது. மன்னர் ஜார்ஜ் பெயரால் படைப்பள்ளிகள் தோன்றின. எங்கே? 1920-களில் ஜலந்தரிலும் ஜீலத்திலும், இரண்டும் பஞ்சாப். 1930-இல் அஜ்மீரில், அது இராஜபுதனம். தெற்கு நோக்கி அந்த நன்றி நகர்ந்து வர எத்தனை நாள் ஆயிற்று? பெல்காமுக்கு 1945-இல் வந்தது. பெங்களூருக்கு 1946-இல் வந்தது. இடையிலே இன்னொரு உலகப்போரே நடந்து முடிந்துவிட்டது! முதற்போரில் சண்டையிட்டுத் திரும்பிய தமிழனின் மகன், பள்ளிப்பருவம் கடந்து, மணமும் முடித்து, தானே தகப்பனான பிறகுதான் தென்னாட்டுக்குப் பள்ளி வந்தது. அதுவும் தமிழகத்துக்கு வெளியே.

இரண்டாம் போர் மூண்டதும் கோழைகள் திடீரென்று வீரர்களாயினர். ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்த வேகத்தில் ராபர்ட்சின் தத்துவம் காற்றில் பறந்தது. கலைத்த சென்னைப் படையை மீண்டும் திரட்டினார்கள். இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேராகப் பெருகியது. கட்டாயப்படுத்திச் சேர்த்த படை அன்று; வேலை இல்லாதவனும் நிலம் இல்லாதவனும் தாமே வரிசையில் நின்று சேர்ந்த படை. சோறு கிடைக்கும், சம்பளம் வரும், திரும்பி வந்தால் பிள்ளையைப் படிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்காதா?

அந்த நம்பிக்கைக்கு என்ன கிடைத்தது என்பதை அமெரிக்காவோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். 1944 சூன் 22-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. போரிலிருந்து திரும்பியவன் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசு செலுத்தும். தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பத்தானுக்கு 75 டாலர் கைச்செலவுக்குத் தரும். 78 இலட்சம் பேர் அதனால் கல்வியோ பயிற்சியோ பெற்றனர்; அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரிப் படியேறினர். அங்கே அது சட்டம் தந்த உரிமை.

இங்கே? போர்முனையில் நிற்பவனுக்கு மாதம் 2 ரூபாய், பிற ஊழியனுக்கு 1 ரூபாய் என்று கணக்கிட்டு ஒரு சீரமைப்பு நிதி சேர்த்தார்கள். அந்தப் பணம் அவன் கைக்கு வரவில்லை. பொதுநிதியாக இருந்தது, குழுக்கள் கூடி எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்தன. தன் பெயரால் சேர்ந்த பணத்தைத் தன் மகனின் கல்விக்குத் தரும்படி கேட்க அவனுக்கு உரிமை இல்லை. விண்ணப்பிக்கலாம், வணங்கி நிற்கலாம். 1945 சூலையில் மறுவாழ்வுக்கும் வேலைக்குமென ஓர் இயக்ககம் தோன்றியது. தொழிற்பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவையே 1948-இல் பொதுமக்களுக்கும் உரியவையாகி, இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வித்திட்டன. பொருத்துவேலையும் கடைசலும் இழிவென்று நாம் சொல்லமாட்டோம். அவை அறிவுள்ளவன் செய்யும் வேலைகள். ஆனால் திரும்பி வந்தவனுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்கவேண்டும் என்று ஒரு சட்டம் இங்கே எழவில்லை. அரசுப் பணிகளில் போர்ச்சேவை செய்தோருக்கு இடம் ஒதுக்கினார்கள். பட்டம் பெற்றுப் படைக்குப் போனவன் அதை எட்டிப் பிடித்தான். கைநாட்டுப் போட்டுச் சேர்ந்தவனுக்கு அது எட்டாத பழம்.

அதே 1945-இல் கோவையில் ஜி.டி. நாயுடு ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு. நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் கற்பித்துவிடலாம் என்பது நாயுடுவின் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். நாம் எண்ணிப் பார்க்கிறோம்: இருபத்தேழு வயதில், மனைவி மக்களோடு, போர்க்களத்திலிருந்து வந்தவனுக்கு நான்காண்டு எங்கே, இரண்டாண்டு எங்கே! அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கோட்டையில் ஆளில்லை.

படையிலே எழுத்துக் கற்றான் அல்லவா என்பார்கள். கற்றான். எந்த மொழி? ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது! படையின் பொதுப் பயிற்சிமொழி அது. அந்தச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாராபுரத்துக்கு வந்தவன், நிலவரி நோட்டீசைப் படிக்க மறுபடியும் கணக்குப்பிள்ளையின் திண்ணையில்தான் உட்கார வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் உருது நின்ற இடத்தில் இந்தி வந்து நின்றது. ஆள் மாறினான், ஆசனம் மாறவில்லை.

மகனையாவது படிக்க வைப்போம் என்று அவன் நினைத்திருந்தால், 1953-இல் இராசகோபாலாச்சாரியாரின் புதுத்திட்டம் எதிரே வந்து நின்றது. கிராமத்துப் பிள்ளை அரைநாள் படித்தால் போதும், மீதி நேரம் அப்பனின் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. பர்மாக் காட்டில் பாலம் கட்டியவனின் மகன் மீண்டும் செருப்புத் தைக்கவும் பறையடிக்கவும் பழகவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் உண்டா? நாடு கொதித்தது. 1954-இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அமெரிக்காவைப் புகழ்ந்தோமே, அங்கே எல்லாம் பொன்னாக இருந்ததா? இல்லை. சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை. நடத்தும் அதிகாரம் அந்தந்த வட்டார வெள்ளையர் கையில் இருந்தது. மிசிசிப்பியில் 1947-இல் கணக்கெடுத்தபோது, திரும்பிய வீரர்களுக்கு அரசு பொறுப்பேற்ற 3,229 கடன்களில் நீக்ரோ வீரர்களுக்குக் கிடைத்தவை 2. தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு மூடியே இருந்தன. நீக்ரோக் கல்லூரிகளிலோ இடமில்லை. நார்மண்டியில் போரிட்ட மெட்கர் எவர்ஸ் 1954-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார், மறுத்தார்கள். 1963-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பதாண்டு விமானப்படையில் பணியாற்றிய ஜேம்ஸ் மெரிடித், அதே பல்கலைக்கழகத்தில் 1962 அக்டோபர் 1-இல் சேர்ந்தபோது, மைய அரசின் படைவீரர்கள் காவல் நிற்க வேண்டியிருந்தது. முந்திய இரவுக் கலவரத்தில் இருவர் மாண்டனர். படைவீரனை வகுப்பறையில் உட்கார வைக்கப் படை வந்தது! அங்கே நிறம், இங்கே சாதி. சட்டப் புத்தகத்தில் இல்லாததை எழுத்தரின் மேசை எழுதிவிடுகிறது.

அதே 1962-இல்தான், சூலை 16-ஆம் நாள், உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் சைனிக் பள்ளி திறக்கப்பட்டது. இன்று அது திருப்பூர் மாவட்டம். படை அதிகாரிகளில் சில வட்டாரத்தாரும் சில வர்க்கத்தாரும் மட்டுமே நிறைந்திருப்பதை மாற்றவேண்டும் என்பதே கிருஷ்ண மேனன் 1961-இல் தொடங்கிய சைனிக் பள்ளிகளின் நோக்கம். நல்ல நோக்கம், ராபர்ட்சுக்குத் தாமதமாகவேனும் கிடைத்த பதில். ஆனால் நுழைவுத் தேர்வு, விடுதிக் கட்டணம், ஆங்கிலப் பயிற்றுமொழி என்று மூன்று வாயில்கள். படைவீரரின் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. வாயில்களைத் தாண்டி வந்தால்! சிப்பாயாகவே ஓய்வு பெற்றவனின் மகனுக்கு அவற்றைத் தாண்டுவது எளிதன்று. அங்கிருந்து வடக்கே, 1980-களிலும் 90-களிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பள்ளிக்குப் போகவேண்டிய சிறுவர்கள் பிசிறு வெட்டிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களைக் கேட்க எந்த நுழைவுத் தேர்வும் இல்லை.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குச் சைனிக் பள்ளிகளில் இடஒதுக்கீடு இருந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பது 2021–22 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. வர்க்க வேற்றுமையைக் களையவென்று கட்டிய பள்ளியில், பெரும்பான்மை மக்களின் பிள்ளைகளுக்கென ஓர் இடம் எழுதிவைக்க 59 ஆண்டுகள் ஆயின.