எறிபட்டவன் கையில் என்ன இருக்கிறது?
மேடைச் சண்டை விளையாட்டுகளில் தூக்கியெறிதலின் வளர்ச்சி

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்குப் பிறகு, சண்டை விளையாட்டு என்றாலே திரையின் மேலே இரண்டு உயிர்க்கோடுகள். அடி விழ விழ அவை தேயும். ஹால் லேபரட்டரி நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ சகுராய் இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கினார். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 ஆட்டத்தில் புதியவர்களைத் தொடர் அடிகளால் எழவே விடாமல் வென்றதும், அந்த வெற்றி தமக்கே கசந்ததும் அவரே பின்னாளில் சொன்னவை. அதே நிறுவனத்தின் சடோரு இவாட்டா நிரல் எழுதிய மாதிரியிலிருந்து, 1999 ஜனவரியில் நிண்டெண்டோ 64இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிறந்தது.

இதில் அடிபட்டால் எண் குறையாது, ஏறும். விழுக்காடு ஏற ஏற, அதே அடி இன்னும் தொலைவுக்குத் தூக்கியெறியும். எல்லைக்கு வெளியே போனால்தான் ஓர் உயிர் போகும். அடுத்த இருபதாண்டு வரலாறு முழுவதும், எறிபட்டவனுக்கு எவ்வளவு சுதந்திரம் தரலாம் என்ற பேரம் என்றே எனக்குப் படுகிறது.

பேரம் நுட்பமானது, அதன் தொடர்ச்சியாக 2001இல் வந்த மெலீயில். அடியின் வலு, அடிபட்டவரின் விழுக்காடு, எடை மூன்றும் சேர்ந்து நாக்பேக் என்ற எண்ணைத் தரும். கதாபாத்திரங்களில் பௌசரின் எடை 117, ஜிக்லிபஃபின் எடை 60. ஒரே அடியில் முன்னவர் தள்ளாடுவார், பின்னவர் பறப்பார். அந்த எண்ணை 0.4ஆல் பெருக்கினால், அடிபட்டவர் செயலற்றிருக்கும் ஃப்ரேம்கள் கிடைக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம். நாக்பேக் 80ஐத் தொட்டால் டம்பிள் நிலை: 32 ஃப்ரேம், அதாவது அரை நொடிக்குச் சற்று மேல், எதுவும் செய்ய முடியாது. அதன் பிறகும் தாவியோ தாக்கியோ ஸ்டிக்கை அசைத்தோ விடுபடாவிட்டால், உடல் உருண்டுகொண்டே இறங்கித் தரையில் மல்லாந்துவிடும்.

ஆனால் கதவு முழுதும் அடைக்கப்படவில்லை. அடி விழும் கணத்தில் ஸ்டிக்கைச் சாய்த்தால், பறக்கும் கோணம் ஏறத்தாழ 18 பாகை வரை திரும்பும். முதல் ஆட்டத்தில் இந்த வசதி இல்லை. தரை தொடுவதற்கு முந்தைய 20 ஃப்ரேமுக்குள் ஷீல்ட் பட்டனை அழுத்தினால், விழாமல் உருண்டு எழலாம். ஆட்டக்காரர்கள் இதை டெக் என்பார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு, மாடு தூக்கிப்போட்ட ஆள் உடலைச் சுருட்டி உருள்வது நினைவுக்கு வரலாம்.

2008இல் வந்த அடுத்த ஆட்டமான பிரால் இந்தச் சுதந்திரத்தை வாரி வழங்கிவிட்டது. எவ்வளவு வலுவான அடியானாலும் 13 ஃப்ரேம் கழிந்ததும் காற்றிலேயே விலகலாம், 25 கழிந்ததும் திருப்பித் தாக்கலாம். புதியவர்களைக் காக்க நினைத்ததன் விளைவு, தொடர் அடி என்ற கலையே ஏறக்குறைய அற்றுப்போனது. மெலீயின் வேகத்தை மீட்க ரசிகர்களே ப்ராஜெக்ட் எம் என்ற மாற்றுப் பதிப்பை உருவாக்கும் அளவுக்கு மனக்குறை இருந்தது. 2018இன் அல்டிமேட், எறிபட்டவரை முதலில் மின்னலாய்ப் பறக்கவிட்டுப் பின் வேகம் தணித்தது.

கன்சோல் வாங்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இயக்கவியல் 2020இல் கைபேசிக்கு வந்த பிரால்ஹல்லா என்ற விளையாட்டின் வழியே இலவசமாகக் கிடைத்தது. அங்கே விழுக்காட்டு எண்ணும் இல்லை. அடிபடுபவரின் நிலையைக் காட்டும் நிறம் வெள்ளையாகத் தொடங்கி, அடிபட அடிபடச் சிவந்து கறுக்கிறது. அடுத்த அடி எவ்வளவு தொலைவுக்கு எறியும் என்பதை அந்த நிறத்தை வைத்தே கணித்துக்கொள்ள வேண்டும்.