சொல்லாத கேள்விக்கு ஆறு விடை

இராமாநுசர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது திருக்கோட்டியூர்க் கோபுரம்தான். மந்திரத்தின் பொருளை ஊரறியச் சொன்ன அந்தக் காட்சியை மேடைப் பேச்சு முதல் தொலைக்காட்சித் தொடர் வரை எல்லாரும் எடுத்தாண்டுவிட்டார்கள். அதற்கு முன்பே காஞ்சிபுரத்தில் சத்தமில்லாமல் நடந்த ஒன்று உண்டு. வைணவர்கள் அதை 'ஆறு வார்த்தை' என்பார்கள். வரதராசப் பெருமாள் சொல்ல, திருக்கச்சி நம்பி கேட்டு வந்து இராமாநுசரிடம் ஒப்பித்த ஆறு சின்ன வாக்கியங்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளை மட்டும் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன்.

கொண்டுவந்தவரை முதலில் தெரிந்துகொள்வோம். திருக்கச்சி நம்பி நம்ம பூந்தமல்லிக்காரர். அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி இருக்கிறது. மரபுக் கணக்குப்படி 1009இல் பிறந்தவர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரைவிட எட்டு வயதுதான் மூத்தவர். வைசிய குலம். பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, மாலை கட்டி, தினமும் காஞ்சிக்கு நடந்தே கொண்டுபோனார் என்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற வழியில் தினமும் போய் வருவது கணக்குக்கு இடிக்கும்; போகட்டும். பிறகு காஞ்சியிலேயே தங்கி, பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பணியை ஏற்றார். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஊர் நம்பிக்கை.

இராமாநுசர் அப்போது யாதவப்பிரகாசரை விட்டு விலகியிருந்தார். திருப்புட்குழியில் அவரிடம்தான் வேதாந்தம் படித்தார். பாடத்திலேயே முரண்பட்டுப் பிரிந்தார். அடுத்து வைணவ ஆசாரியர் ஆளவந்தாரிடம் சேரலாம் என்று திருவரங்கம் போனால், அவர் பரமபதித்துவிட்டிருந்தார். கற்ற இடம் கசந்துவிட்டது, நாடிப் போன இடம் வெறுமையாக இருந்தது. மனசுக்குள் சில முடிவுகள் இருந்தன, ஆனால் அவை சரியா என்று சொல்ல ஆளில்லை. நம்பியிடம் வந்து, "என் மனசில் சில ஐயங்கள் இருக்கின்றன, பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். என்ன ஐயம் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த இடத்தை உரைகாரர்கள் பெருமாளின் எல்லாம் அறியும் தன்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கடைந்த பீஸை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்த பையனுக்கு அளவில் சந்தேகம். பக்கத்து மெஷின்காரரிடம் நீட்டினான். "எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்ணே, நீங்க பாத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டால் அவர் கண்ணுக்கும் அதே அளவுதான் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் கண்ணை நம்பாதவன் அளந்தே பார்த்திருக்க மாட்டான். தன் கண்ணை மட்டுமே நம்புகிறவன் அடுத்தவரிடம் நீட்டியிருக்க மாட்டான். இராமாநுசர் கேள்வியை மறைத்ததும் இப்படித்தான். கேள்வி தெரிந்தால் சொல்லுகிறவர் அதற்கு ஏற்றபடி வளைந்து கொடுப்பார். தெரியாமல் வருகிற விடை பொருந்துகிறதா என்று கேட்டவனே பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் நம்பி வந்து ஆறையும் சொன்னார்.

முதல் வார்த்தை: நானே மேலான மெய்ப்பொருள். இரண்டாவது: உயிர் வேறு, நான் வேறு என்பதே சரியான பார்வை. இவ்விரண்டும் யாதவப்பிரகாசரின் பள்ளிக்குச் சொன்ன பதில்கள். அவரைக் கதைகள் அத்வைதி என்கின்றன. ஆய்வாளர்கள் பேதாபேதவாதி என்பார்கள். எதுவானாலும், உயிரும் இறையும் ஏதோ ஒரு மட்டத்தில் ஒன்றாகிவிடும் என்கிற பாடத்தை இராமாநுசரால் ஏற்க முடியவில்லை. பின்னால் ஸ்ரீபாஷ்யம் என்ற தம் நூலில் இதையே உடலும் உயிருமாக விரித்தார். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல். வேறுதான், ஆனால் விட்டுப் பிரிக்க முடியாத வேறு. இந்தக் கணக்கில் தன்னை அறிவது என்றால், யாருக்கு உரியவன் நான் என்று அறிவது. உள்ளே தோண்டிக்கொண்டே போய் 'நான்' என்று ஒன்றைக் கண்டெடுக்கிற வேலை இதில் கிடையாது. தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் இந்தப் பக்கம் வராதது நல்லதே.

யாதவப்பிரகாசரைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். முதுமையில் அவரே இராமாநுசரிடம் வந்து, கோவிந்த ஜீயர் என்ற பெயரில் துறவு ஏற்று, துறவிகளுக்கான ஒழுக்க நூல் ஒன்றையும் எழுதினார் என்கிறது மரபு. வாத்தியார் பழைய மாணவனிடம் மாணவனாக வந்து நிற்பது சாமானியமாக நடக்கிற காரியமா?

மூன்றாவது: வழி, சரணாகதி. தன் முயற்சியால் ஆகாது என்று தெரிந்தவன் செய்வது சரணாகதி. அதற்குச் சொல்லும் அங்கங்களில் இரண்டு இவை: கையில் வேறு முதலில்லை என்கிற தெளிவு, காப்பான் என்கிற பெரிய நம்பிக்கை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்தால் அது சோம்பல். இதில் உயிரின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டன. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் வரை போன வரலாற்றை இங்கே திறக்க வேண்டாம்.

நான்காவது வார்த்தையில்தான் நான் நின்றுவிடுவேன். கடைசி நேரத்தில் என்னை நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உயிர் பிரியும்போது எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. சாகக் கிடப்பவர் காதில் நாமம் ஓதுகிற வழக்கமும் இந்த நினைப்பை ஒட்டியதுதான். அந்த நிபந்தனையை இந்த வார்த்தை தள்ளுபடி செய்கிறது. வராக அவதாரத்தில் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு வாக்குறுதியும் இதற்குத் துணை. உடல் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும் நேரத்தில் அவனால் என்னை நினைக்க முடியாது, அப்போது நான் அவனை நினைத்துக்கொள்வேன் என்பது அதன் கருத்து.

ஆவடியில் என் பெரியம்மா இருந்தார். பெரியப்பா டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பெரியம்மா விடியற்காலையில் சகஸ்ரநாமம் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். புத்தகம் பார்த்து நான் கண்டதில்லை. எண்பதுக்கு மேல் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. முதலில் நாமங்கள் போயின, அப்புறம் தெருப்பெயர், அதற்கப்புறம் பெற்ற பிள்ளையின் பெயர். நான் போனால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருப்பா நீ? சாப்ட்டியா?" என்பார். யார் என்பது போன பிறகும் சாப்பிட்டியா என்பது போகவில்லை.

ஆயுள் முழுக்கச் சேர்த்த தன்னறிவு நினைவில் வைத்த பணம் என்றால், பெரியம்மா கடைசியில் ஓட்டாண்டிதான். அவரைப் பற்றிய அறிவு அதற்குள் அவரை விட்டு வெளியே, மகன், மருமகள், கீரைக்காரி, எதிர்வீட்டுக்காரர் என்று பலரிடம் போய்த் தங்கியிருந்தது. அவருக்குப் பிடித்த குழம்பு எது, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்காவது வார்த்தையை மதத்துக்கு வெளியே வைத்துப் படிப்பவருக்கும் இவ்வளவாவது கிடைக்கும்.

ஐந்தாவது: உடல் விழும்போது வீடுபேறு. உயிரோடு இருக்கும்போதே முக்தி அடைந்துவிட்டேன் என்பவரை இந்தத் தரிசனம் ஏற்பதில்லை. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சில போஸ்டர்களைப் பார்க்கும்போது இது இன்னும் நன்றாகப் புரிகிறது. மேலே நகரலாம்.

ஆறாவது: பெரிய நம்பியிடம் போய்ச் சேர்.

முதல் ஐந்தையும் கேட்ட இராமாநுசர் தம் கருத்தே உறுதியானது என்று மகிழ்ந்தார். அதற்கு மேல் ஆசிரியர் எதற்கு? ஆனாலும் பட்டியல் ஆளவந்தாரின் சீடரான ஒரு மனிதரின் பெயரில்தான் முடிகிறது. உன் முடிவு சரி, இருந்தாலும் போய்ப் படி என்கிறது. இங்கே கொண்டுவந்தவரை மறுபடி பார்க்க வேண்டும். ஆளவந்தாருக்குப் பிறகு இராமாநுசர் சீடராகச் சேர விரும்பியது திருக்கச்சி நம்பியிடமே. விழுந்து வணங்கினார், நம்பி ஒதுங்கினார், தம் குலத்தைக் காரணம் காட்டி. அவர் உண்ட மிச்சத்தை உண்டாலாவது போதும் என்று ஒருநாள் விருந்துக்கு அழைத்தார் இராமாநுசர். அவரைக் கூட்டிவர ஒரு தெருவழியே போக, நம்பி வேறு தெருவழியே வந்து, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இராமாநுசரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை எடுத்தெறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு வந்து கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த இராமாநுசருக்குக் கோபம். அந்தம்மாளைக் கதை வில்லியாக்கிவிட்டது. அன்றைய வழக்கப்படி அவர் செய்தார். அந்த இலை எதற்கு வேண்டும் என்று அவரிடம் இராமாநுசர் சொல்லவில்லை. பெருமாளிடம் கேள்வியை மறைத்தால் விடை வரும். அகத்துக்காரியிடமும் மறைத்தால் எப்படி?

நம்பி ஒதுங்கியது பணிவா, குலம் போட்ட வேலியா? இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வசதி அந்தக் காலத்தில் அவருக்கு இல்லை. பணிவு என்று மட்டும் எழுதிப் புகழ்வது வேலிக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஆனால் ஒன்று மட்டும் அவருடைய சொந்தச் சொத்து. கருவறையில் நடந்த பேச்சுக்கு வேறு சாட்சி கிடையாது. தம்மைத் தேடி வந்த பெரிய மாணவனை இன்னொருவரிடம் அனுப்புகிற ஆறாவது வார்த்தையை அவர் விட்டுவிட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தார்.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. எனக்கு முக்தி உண்டா என்று ஒருநாள் பெருமாளிடம் கேட்டாராம். நீ வீசியதற்கு நான் பேசியது சரியாகப் போயிற்று, முக்திக்கு ஆசாரியரைப் பார் என்று பதில் வந்ததாம். கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவர், திருக்கோட்டியூர் நம்பி என்ற ஆசாரியரின் வீட்டுக்கு அடையாளம் சொல்லாமல் போய் மாடு மேய்த்தார் என்று கதை முடிகிறது.

இராமாநுசர் திருவரங்கம் நோக்கிக் கிளம்பினார். அதே சமயம் அவரை அழைத்துவர அங்கிருந்து பெரிய நம்பியும் புறப்பட்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயிலில் சந்தித்தார்கள். சீடராக ஏற்கும் சடங்கை ஊர் போய்ச் சேர்ந்து செய்யலாமே என்றார் பெரிய நம்பி. ஆளவந்தாரை ஒருமுறை இழந்தவர் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. மகிழ மரத்தடியிலேயே சடங்கு நடந்தது.

திருக்கச்சி நம்பியைத் தடுத்த வேலியை இந்தப் பெரிய நம்பி என்ன செய்தார் என்பதைத் திருவரங்கத்தில் பார்க்கலாம். ஆளவந்தாரின் சீடர்களில் மாறனேரி நம்பி என்பவர் தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட குலத்தவர். அவர் இறந்தபோது ஈமக்கடனைப் பெரிய நம்பி தாமே செய்தார். ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. இராமாநுசரே போய், நாங்கள் தரும நெறியைக் கட்டிக் காக்கும்போது நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். பெரிய நம்பி தம் மனசாட்சியைக் காட்டிப் பேசவில்லை. சடாயுவுக்கு ராமன் செய்ததையும் விதுரனுக்குத் தருமன் செய்ததையும் எடுத்துக்காட்டி, ராமனைவிட நான் உயர்ந்தவனா, மாறனேரி நம்பி சடாயுவைவிடத் தாழ்ந்தவரா என்று திருப்பிக் கேட்டார்.