புற்றில் குடிபுகுந்தது எது?

திருவான்மியூர் என்ற பெயருக்கு வான்மீகி முனிவரைக் காரணம் சொல்வது மரபு. வடமொழியில் 'வல்மீகம்' என்றால் புற்று; தவமிருந்தவரைப் புற்று மூடியதால் முனிவருக்கு அந்தப் பெயர். அந்த ஊரில் கோயில்கொண்ட இறைவன் மருந்தீசர். பக்கத்திலேயே அடையாறு. அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவானது புற்றுநோய் மருத்துவமனை. ஊர்ப் பெயரின் கதையிலும் நோயின் பெயரிலும் இருப்பது ஒரே புற்று.

'புற்று' திராவிடச் சொல். தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் ஹுத்த, நம் பேச்சில் புத்து. கறையான் மண்ணைக் குழைத்து எழுப்பும் மேடு அது. சுசுருத சம்ஹிதை 'வல்மீகம்' என்றே ஒரு நோயைச் சொல்கிறது: உள்ளங்கையிலும் காலிலும் மூட்டிலும் கழுத்திலும் புற்றுபோல மெல்ல வளரும் கட்டி. இன்று நாம் புற்றுநோய் என்பதும் அதுவும் ஒன்றல்ல; உவமைதான் ஒன்று. கிரேக்கர்கள் கட்டியில் நண்டைக் கண்டு 'கார்க்கினோஸ்' என்றார்கள். அதுவே லத்தீனில் 'கான்சர்' ஆயிற்று.

புற்று என்றதும் நமக்கு ஒரு பழமொழி வரும்: கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தாற்போல. தைராய்டு புற்றின் மரபணுக் கதையை எனக்குப் புரியவைத்தது இந்தப் பழமொழிதான்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் பரவிய அயோடின்-131 புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பால் வழியே குழந்தைகளுக்குள் போனது. அயோடினைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் சுரப்பி தைராய்டு. நஞ்சும் அங்கேயே தங்கியது. பின்னாளில் தைராய்டு புற்று வந்த 440 பேரின் கட்டிகளை ஆராய்ந்த முடிவுகள் 2021இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. அவர்களில் 359 பேர் குழந்தைப் பருவத்திலோ கருவிலோ கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள். 81 பேர் விபத்துக்குப் பின் பிறந்தவர்கள்.

மரபணுவை எழுத்தாகக் கொண்டால், பிழை இரண்டு விதம். 'புற்று' என்பதில் முதல் உகரம் அகரமானால் 'பற்று'; ஓரெழுத்து மாறி முழுப்பொருளும் மாறுகிறது. தானாக வரும் தைராய்டு புற்றில் அதிகம் காண்பது இந்த வகை: 'பிராஃப்' என்ற மரபணுவில் ஓரெழுத்துப் பிழை. கதிர்வீச்சு செய்வது வேறு. அது மரபிழையின் இரு புரிகளையும் அறுக்கிறது. செல் அவசரமாக முடிச்சுப்போடும்போது ஒரு மரபணுவின் தலை இன்னொன்றின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. செர்னோபில் கட்டிகளில், கதிரின் அளவு கூடக்கூட இத்தகைய ஒட்டுகள் கூடியிருந்தன.

இப்படி ஒட்டிக்கொள்ளும் மரபணுக்களில் பேர்பெற்றது 'ரெட்'. 'செல்லுக்குள் மரபணுவைச் செலுத்தும்போது மாறி அடுக்கப்பட்டது' என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. 1985இல் ஆய்வுக்கூடத்தில் அப்படி மாறியதால் வந்த பெயர். தைராய்டின் சாதாரணச் செல்லில் ரெட் உறங்கிக் கிடக்கும். சிசிடிசி6 என்ற மரபணுவோ எப்போதும் விழித்திருப்பது. கதிர் அறுத்த இடத்தில், அந்த விழித்த மரபணுவின் தலைவாசலில் ரெட் குடியேறிவிட்டால் அதற்கும் உறக்கமில்லை. செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. கறையான் கட்டிய வீடு, பாம்பின் வாசம்.

ஆனாலும் ஒருவருடைய கட்டியை மட்டும் பார்த்து, இது கதிரால் வந்தது என்று அடித்துச் சொல்லும் முத்திரை எதுவும் அந்த ஆய்வில் கிடைக்கவில்லை. கதிர் படாத குழந்தைகளின் தைராய்டு புற்றிலும் ஒட்டு மரபணுக்கள் மிகுதி. குடிபுகுந்தபின் கட்டியின் குணத்தை வகுப்பது எந்த மரபணு மாறியது என்பதே. பட்ட கதிரின் அளவு அல்ல.

கழுத்துக் கட்டியோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள், 'எதனால் வந்தது, நான் என்ன தப்பு செய்தேன்' என்று தங்களையே நோகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பலநேரம் விடையில்லை. உள்ளே குடியிருப்பது எது என்ற கேள்விக்கு இன்று விடை உண்டு. அந்த விடையில் மருந்தும் உண்டு. ரெட் ஒட்டுள்ள தைராய்டு புற்றுக்கு, ரெட்டையே குறிவைத்து அடக்கும் மாத்திரைக்கு 2020இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. புற்றை இடிப்பதோடு நின்ற மருத்துவம், இப்போது பாம்பின் பெயரையும் கேட்கிறது.