யானைக் கடிகாரத்தின் பற்றாசு



மீலாத் விழா மேடைகளில் அல்-ஜஸரியின் பெயரைக் கேட்கிறோம். "ரோபோவைக் கண்டுபிடித்த முஸ்லிம்" என்று ஒரு வரி, கைதட்டல், அதோடு சரி. அவர் எதை எதோடு எப்படி ஒட்டினார் என்று கேட்பாரில்லை.

இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிரில், அர்துகிய ஆட்சியாளர்களிடம் பணியாற்றியவர் அவர். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூத் கேட்டதற்காக எழுதிய கிதாபை 1206இல் முடித்தார். அதில் 50 கருவிகள். யானைக் கடிகாரத்தின் உயிர் யானையின் வயிற்றுக்குள் மிதக்கும் ஒரு கிண்ணம். அடியில் சிறு துளை. அரை மணியில் நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கும். கயிறு இழுபடும், மேலிருந்து குண்டு உருளும், அதன் பாரத்தில் பாம்பு தலைசாயும், அந்த இழுப்பில் கிண்ணம் மறுபடி மேலே வரும்.

இந்த வேலையில் தொட்டியின் ஒரு மூட்டு கசிந்தால் போதும், கடிகாரம் பொய் சொல்லும். கிதாபில் திரும்பத் திரும்ப வருவது செப்புத் தகட்டை வெட்டி, வெள்ளீயம் பூசி, பற்றாசு வைத்து இணைப்பதுதான்.

பற்றாசு என்பது நாம் சோல்டர் என்று சொல்கிறோமே, அதுதான். (நகைக்காரர் வெண்காரம் சேர்த்து ஊதுகுழலால் ஊதுவதும் இதே குடும்பம். "பொடி வைத்துப் பேசுகிறான்" என்கிறோமே, அந்தப் பொடியும் நகைப் பட்டறையிலிருந்து வந்ததென்பார்கள்.) வெள்ளீயம் 232 பாகையில் உருகும், காரீயம் 327இல். 63க்கு 37 என்று கலந்தால் 183லேயே உருகிவிடும்! சிறு உருப்படிகளுக்கு இது வரம். ஆனால் ஒரு மூட்டை ஒட்டும்போது பக்கத்து மூட்டு கழன்று விழும். அதனால் கைதேர்ந்தவர்கள் அதிக வெப்பத்தில் உருகும் பற்றாசை முதலில் வைப்பார்கள், குறைவானதைக் கடைசியில். முடிந்த மூட்டின் மேல் ஈரத் துணி போடுவதும் உண்டு. பற்றாசைச் சுட்டு ஒழுக விடக்கூடாது. உலோகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி அதைத்தான் சுட வேண்டும். பற்றாசு தானாக இடுக்குக்குள் ஓடும்.

அல்-ஜஸரியிடம் எங்களுக்குப் பிடித்தது அவரது நேர்மை. தனக்கு முன் வேலை செய்த பனூ மூஸா சகோதரர்களைப் பெயர் சொல்லியே எழுதுகிறார். செய்து பார்க்காத அறிவு சரியா பிழையா என்று நிச்சயமில்லாதது என்பது அவர் கருத்து. பெரிய கருவிக்கு முன் காகிதத்தில் சிறு மாதிரி செய்து பார்த்தவர்.

நம் பிள்ளைகளின் கண்காட்சி மாதிரிகளோ ரெஜிபோமும் பசையும். பரிசு கிடைத்த மறுநாள் குப்பையில். அவர்களைக் குறை சொல்லவில்லை, கையில் நாம் கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த தவணையில் அந்தக் கிண்ணத்தை மட்டுமாவது செய்து பார்க்கப் போகிறோம். காரீயம் கலக்காத பற்றாசு, திறந்த ஜன்னல், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவல். வீட்டில் பழைய செப்புத் தகடு கிடந்தால் எடுத்து வையுங்கள், பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள்.