வாளும் குப்பியும்

ஷாம்பெயின் குப்பியின் கழுத்தை ஒரே வீச்சில் வாளால் தறித்துத் திறக்கும் வித்தை, இன்று பெரிய விடுதிகளின் விருந்துகளில் வேடிக்கையாக நிகழ்த்தப்படுகிறது. தக்கை பறக்கிறது, நுரை பொங்குகிறது, கூடியிருப்போர் கைதட்டுகின்றனர். பிரெஞ்சு மொழியில் இதற்குச் 'சப்ராஜ்' என்று பெயர். இதனைப் பேணுவதற்கென்றே, 'பொன்வாள் சகோதரத்துவம்' எனப் பொருள்படும் பெயரில், 1986-ஆம் ஆண்டு பிரான்சில் ஓர் அமைப்பும் தோன்றியது.

நெப்போலியனின் 'ஹுஸ்ஸார்' எனப்பட்ட இலகு குதிரைப்படையினர், வெற்றிக் களிப்பில் குதிரைமேல் இருந்தவாறே குப்பிகளை வாளால் திறந்தனர் என்பது இவ்வித்தையின் தோற்றம் பற்றி வழங்கும் கதை. இது செவிவழிச் செய்தியே. ஆயினும் வாளும் மதுவும் வீரமும் ஒன்றாய்ப் பிணைந்த ஓவியமாக அது மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. அந்த ஓவியத்தைச் சற்று உற்று நோக்குவோம்.

உண்மையில் குப்பியைத் திறப்பது வாள் அன்று. குப்பிக்குள் அடைபட்ட வாயு ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தத்துடன் வெளியேற வழி தேடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியின் இரு பாதிகள் கூடும் பொருத்துக்கோடு, வாயருகே உள்ள வளையத்தைச் சந்திக்கும் இடமே குப்பியின் மிக மெலிந்த இடம். நன்கு குளிரூட்டிய குப்பியில் அக்கோட்டின் வழியே வாளைச் சறுக்கி அவ்வளையத்தைத் தட்டினால் சிறு விரிசல் உண்டாகும். எஞ்சிய வேலையை உள்ளிருக்கும் அழுத்தமே முடித்துவிடும். இதற்குக் கூர்மை வேண்டியதில்லை. வாளின் மழுங்கிய முதுகே போதும். சில வேளைகளில் குப்பி முழுவதுமே சிதறி, அருகிருப்போரைக் காயப்படுத்துவதும் உண்டு.

இந்த அழுத்தத்தைக் கண்டு அஞ்சியவர்களுள் ஒருவர் துறவி. புனித ஆசீர்வாதப்பர் சபையைச் சார்ந்த தோம் பெரிஞோன், 1668 முதல் 1715-இல் இறக்கும் வரை ஒவில்லேர் மடத்தின் பண்டகப் பொறுப்பாளராய் இருந்தார். நுரைக்கும் திராட்சை இரசத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலரும் கூறுவர். ஆனால் அவர் பாடுபட்டது, இரசம் குப்பிக்குள் மீண்டும் புளித்து நுரைக்காதவாறு தடுப்பதற்கே. அக்காலத்தில் நிலவறைகளில் ஒரு குப்பி வெடித்தால் அடுத்தடுத்த குப்பிகளும் வெடித்து, ஓராண்டின் உழைப்பு வீணாவதுண்டு.

இனி அந்தக் குதிரை வீரர்களிடம் திரும்புவோம். அவர்கள் நமக்கு அயலவர் அல்லர். நெப்போலியன் பிறந்தது 1769-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிரெஞ்சு ஹுஸ்ஸார்கள் நம் மண்ணில் வாளேந்தி நின்றனர்.

திண்டிவனத்துக்கு மேற்கே மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை, 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் புஸ்ஸி ஓர் இரவில் கைப்பற்றினார். வெல்லவே முடியாது என்று புகழ்பெற்ற கோட்டை அது. வெடிமருந்தால் வாயிற்கதவு தகர்ந்ததும் வீழ்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1760 ஜனவரி 22 அன்று, திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதின. லாலி தாமே ஹுஸ்ஸார்களை நடத்திச் சென்றார். ஆங்கிலப் பீரங்கிகள் அவர்களைச் சிதறடித்தன. பின்னர்ப் பிரெஞ்சு அணியின் இடப்புறத்தே வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றி வெடிக்க, சுமார் 80 பேர் மாண்டும் படுகாயமுற்றும் வீழ்ந்தனர். அணி குலைந்தது, புஸ்ஸி சிறைப்பட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும், ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. புதுச்சேரி நகரமோ இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாரீசுக்குத் திரும்பிய லாலிக்கு 1766-இல் மரணதண்டனை கிடைத்தது.

வாள்கள் வந்தன, போயின. படைகள் மாறிமாறி நடந்த வழியெங்கும் உழவர் இழந்தவற்றைப் பாடிய விருந்து எதுவும் இல்லை. வெற்றியை நுரையில் காட்டும் வேடிக்கை, போரின் இப்பக்கத்தை மறைத்துவிடுகிறது.

அது மறைப்பது இன்னொன்றும் உண்டு. குடிப்பது ஆண்மை, குடித்துக் காட்டுவது வீரம் என்னும் எண்ணம் வாள் இல்லாத ஊர்களிலும் வாழ்கிறது. 2023 மே மாதத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தக்கை பறக்கவில்லை, கைதட்டல் எழவில்லை. கடலோரக் குடும்பங்களின் அழுகுரலே எழுந்தது. விலையுயர்ந்த குப்பிக்கும் மலிவான சாராயத்துக்கும் இடையே தொலைவு மிகுதி. எனினும் இரண்டையும் சூழ்ந்து நிற்கும் பெருமிதம் ஒன்றே.

வாளை வீசுபவர் வலிமை காட்டுவதாய் நமக்குத் தோன்றுகிறது. அவர் தேடிக் கண்டதோ, குப்பியின் மெலிந்த இடத்தை மட்டுமே. மனிதனிடமும் அத்தகைய மெலிந்த இடங்கள் உண்டு. அவற்றைத் தட்டிப் பார்ப்பது வீரமாகாது. தட்டுப்படாமல் காப்பதே வீரம். ஒவில்லேர் மடத்து நிலவறையில் அத்துறவி ஆண்டுக்கணக்கில் பொறுமையாய்ச் செய்ததும் அவ்வகைக் காவலே. அதற்குக் கைதட்டுவோர் இல்லை. ஆயினும் நம் இல்லங்களுக்கும் ஊர்களுக்கும் இன்று தேவைப்படுவது அதுவே அன்றோ!