வடிவங்களின் முனைகளைக் கணினியில் கண்டறிதல்

பலகோணத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் சந்திக்கும் புள்ளி முனை. பரவளையத்தில், சமச்சீர் அச்சு வளைவை வெட்டும் புள்ளி முனை. இவற்றைக் கண்டறியும் மென்பொருள்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் அறிந்தது ஜியோஜிப்ரா. மார்க்கஸ் ஹோகன்வார்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கத் தொடங்கினார். 2018 முதல் வந்த புதிய பாடத்திட்டக் கணித நூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளில் இது இடம்பெறுகிறது.

இதன் ‘வெர்டெக்ஸ்’ கட்டளை பலகோணத்துக்குப் பெரிதாக எதையும் செய்வதில்லை. நாம் கொடுத்த புள்ளிகளையே திருப்பித் தருகிறது. சமனிலிகளில்தான் அதற்கு வேலை. இரு எண்களின் கூடுதல் 10க்குள், வேறுபாடு 4க்கு மேல் என்று இரு நிபந்தனைகள் தந்தால், எல்லைக்கோடுகளின் சமன்பாடுகளைத் தீர்த்து (7, 3) என்ற முனையைக் காட்டும். நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்கு உதவுவது இதுவே.

நில அளவையிலும் இதே வேலை நடக்கிறது. எஃப்எம்பி எனப்படும் புல வரைபடத்தில் எல்லைக்கற்களின் ஆயத்தொலைவுகள் இருப்பதில்லை. புலத்தின் குறுக்கே போகும் ‘ஜி லைன்’ என்ற அடிக்கோடும், அதிலிருந்து கற்களுக்கான செங்குத்துத் தூரங்களும்தான் இருக்கும். தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் இந்த அளவுகளிலிருந்து முனைகளைக் கணக்கிட்டுப் படத்தை வரைகிறது. ஜியோஜிப்ராவிலும் செய்து பார்க்கலாம். அடிக்கோடு (0, 0) முதல் (100, 0) வரை. 30 மீட்டரில் இடப்பக்கம் 24 மீட்டர், 70 மீட்டரில் வலப்பக்கம் 20 மீட்டர் என்றால் மற்ற முனைகள் (30, 24), (70, −20). நான்கையும் இணைத்தால் பரப்பு 2,200 சதுர மீட்டர், அதாவது 22 ஏர். ஏறக்குறைய 54 சென்ட்.

வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில் இக்கணக்கு சமவெளியைப் போல எளிதல்ல. வரைபடத்துக்கு வேண்டியது கிடைமட்டத் தூரம். 20 பாகைச் சரிவில் தரையோடு நாடா பிடித்து 100 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 94 மீட்டர்தான். சரிவைத் திருத்தாமல் எண்ணை உள்ளிட்டாலும் மென்பொருள் மறுக்காது: முனைகள் இரண்டு தசமத் துல்லியத்தோடு தவறான இடத்தில் விழும், பரப்பும் கூடிவிடும். பலகோணம் ஒழுங்காக மூடிக்கொள்வதால் திரையைப் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. களத்தில் கல்லுக்குக் கல் மறுபடி அளக்கும்போதுதான் தெரியும்.